மேட்டுப்பாளையம் பாதைக்கு முதலில் லூப்பும் மின்சாரமும் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை–மேட்டுப்பாளையம் பாதையில் கூடுதல் மெமு (குறைந்த தூர மின்சார) ரயில் விட வேண்டும், வெளியூர் விரைவு ரயில்களை மேட்டுப்பாளையம் வரை நீட்டிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அத்தனையும் நியாயமான கோரிக்கை. நானும் அந்த ரயிலை நம்பி மலையிறங்குகிறவன்தான். ஆனால் ரயிலை மட்டும் கேட்டுவிட்டு, அது ஓடுவதற்கு வேண்டியதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அறிவிப்பு வரும், கொடியசைப்பும் நடக்கும், அப்புறம் அந்த ரயில் ஏதோ ஒரு சிக்னலில் அரை மணி நேரம் நிற்கும். லூப் லைன் (எதிர் வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை), மின்சாரம், நடைமேடை, இரவில் வண்டியை நிறுத்தி வைக்க இடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாகப் போட வேண்டும். எந்த வேலை எந்த வருடம் முடியும் என்று மக்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

குந்தா மின் திட்டத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி கெத்தை பவர் ஹவுஸில் போனது. இப்போது மஞ்சூரில் குடியிருக்கிறேன். இங்கிருந்து கீழே இறங்க இரண்டு வழி. குன்னூர், பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை போகலாம். கெத்தை வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், பஸ் குறைவு, பொழுது சாய்ந்தால் வனத்துறை செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள். எந்த வழியில் இறங்கினாலும் போய்ச் சேருவது இந்தப் பாதையில் உள்ள ஒரு ஸ்டேஷனுக்குத்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா தாலுகாக்காரர்களுக்கு அகல ரயில் என்றாலே மேட்டுப்பாளையம்தான்.

இந்தப் பாதையை யார் நம்பியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் காலை வேளையில் காரமடை நடைமேடையில் நின்று பாருங்கள். ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு அம்மா நிற்பார். கோவை அரசு மருத்துவமனைக்குப் போகிற பெரியவர் எக்ஸ்ரே கவரை மடங்காமல் நெஞ்சோடு பிடித்திருப்பார். கல்லூரிப் பிள்ளைகள், மில்லுக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கும். வண்டி வந்ததும், "ஏனுங்க, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, பெரியவர் ஏறட்டும்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உள்ளே தள்ள இடம் இருக்காது. துடியலூரில் இன்னொரு கூட்டம் ஏறும். பஸ்ஸில் போனால் காசும் கூட, மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் எப்போது போய்ச் சேருவோம் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் நெருக்கியடித்தாலும் ஜனங்கள் ரயிலையே பார்க்கிறார்கள்.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். மலை ரயில் குன்னூர் ஏறியது 1899-இல், ஊட்டி தொட்டது 1908-இல். கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 36 கிலோமீட்டர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் வடகோவைக்கு அப்பால் அது ஒற்றைப் பாதைதான். ஒற்றைப் பாதையில் எத்தனை ரயில் ஓட்டலாம் என்பது பெட்டிகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்ததில்லை. எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகள் எங்கே சந்தித்து விலக முடியும் என்பதைப் பொறுத்தது. ஒரு நடைக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் விலக இடமே இல்லையென்றால், போன வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிர் வண்டி கிளம்ப முடியும். போக 50, வர 50, இரு முனையிலும் லைன் கிளியர் (பாதை காலி என்ற அனுமதி) வாங்கிக் கிளம்ப ஆகிற நேரம் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு திசையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டிக்கு மேல் விட முடியாது. பாதி வழியில் நல்ல லூப் ஒன்று இருந்தால் அது மணிக்கு ஒன்றாகும். சரியான இடைவெளியில் மூன்று லூப் இருந்தால், காலை மாலை நெரிசல் நேரத்தில் அரை மணிக்கு ஒன்று விடலாம்.

இரட்டைப் பாதையே வந்துவிட்டால் இந்தக் கணக்கு தேவையில்லை. அதையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு நிலம் எடுக்க வேண்டும், பாலங்களுக்குப் பக்கத்தில் பாலம் கட்ட வேண்டும், கேட்டுகள் மேம்பாலமாகவோ சுரங்கப் பாதையாகவோ மாற வேண்டும். பல வருட வேலை. லூப் பெரும்பாலும் ரயில்வேயின் சொந்த நிலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் போடும்போது நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டுப் பெட்டி மெமுவுக்கு மட்டும் அளந்து போட்டுவிட்டு, இருபதுக்கும் மேல் பெட்டி கோத்து வருகிற சென்னை வண்டி அதில் ஒதுங்க முடியாமல் போனால், போட்ட லூப்பும் பாதிப் பயன்தான் தரும். பின்னாளில் இரட்டைப் பாதை வந்தால் இதே லூப் அதன் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொள்ளும்படி இப்போதே இடம் குறிக்கலாம்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியும், நடைமேடை தெரியும், அதனால் அவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மேலே ஓடுகிற கம்பியில் எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர் மின்சார ரயில் ஓடுவது 25,000 வோல்ட்டில், ஒற்றைப் பேஸில். மின்வாரியத்தின் 110 கிலோவோல்ட் லைன் ரயில்வேயின் துணை மின் நிலையத்துக்குள் போகும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் அதை 25 கிலோவோல்ட்டுக்கு இறக்கிப் பாதையின் மேல் ஓடும் கம்பிக்குக் கொடுக்கும். வண்டியின் கூரையில் உள்ள பாண்டோகிராஃப் அந்தக் கம்பியை உரசிக்கொண்டே கரண்ட்டை எடுக்கும். மோட்டாரைச் சுற்றிய பிறகு கரண்ட் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணை மின் நிலையத்துக்குத் திரும்பும். இப்படிப்பட்ட இரண்டு நிலையங்களுக்கு நடுவே 50 கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். ஒரு நிலையத்தின் எல்லைக்குள் எத்தனை வண்டி இருக்கிறதோ அத்தனையும் அந்த நிலையம் கொடுக்கிற கம்பியிலிருந்துதான் குடிக்க வேண்டும்.

எவ்வளவு குடிக்கும்? விரைவு ரயில்களை இழுக்கிற வாப்-7 எஞ்சினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்கு மேல். முழு இழுவையில் நாலரை மெகாவாட்டைத் தாண்டும். கெத்தையில் ஒரு மெஷின் 35 மெகாவாட், அப்படி ஐந்து மெஷின்கள். ஏழு எஞ்சின்கள் ஒரே சமயத்தில் முழு இழுவையில் கிளம்பினால், கெத்தையின் ஒரு மெஷின் தருவது ஏறக்குறைய முழுக்க அதற்கே போய்விடும். இன்னொன்றும் உண்டு. எல்.எச்.பி. எனப்படும் புது மாதிரிப் பெட்டி ரயில்களில் விளக்கு, மின்விசிறி, ஏ.சி.க்கு முன்பெல்லாம் டீசல் ஜெனரேட்டர் வண்டி தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இப்போது பெரும்பாலும் எஞ்சின் வழியாக மேல்கம்பியிலிருந்தே அதையும் எடுக்கிறார்கள். புகையும் இரைச்சலும் போனது பெரிய நிம்மதி. ஆனால் அந்த லோடும் கம்பியின் தலையில் ஏறியிருக்கிறது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பவர் ஹவுஸில் வேலை பார்த்தவர்களுக்கு நாள் சராசரி லோடு பெரிய விஷயமில்லை. உச்ச லோடுதான் எங்களை ஓட ஓட விரட்டும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஈரோடு லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வரும். "ஃபிரீக்வென்சி இறங்குது, இன்னொரு மெஷினை லைன்ல சேருங்க" என்பார்கள். பென்ஸ்டாக்கில், அதாவது மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாயில், தண்ணீர் தயாராக நிற்கும். நாசிலைத் திறந்து, வேகம் ஏற ஏறக் கவனித்து, வோல்டேஜைச் சரிபார்த்து, மெஷின் லைனோடு ஒத்து ஓடுகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முன்னால் நிற்போம். முள் மெதுவாகச் சுற்றி வரும். பன்னிரண்டு மணியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிரேக்கர் என்கிற பெரிய சுவிட்சை மூடி மெஷினை லைனில் சேர்க்க வேண்டும். நேரம் சரியாக இருந்தால் ஒரு 'டக்' சத்தத்தோடு முடிந்துவிடும், தரை அதிராது. கொஞ்சம் தப்பினால் மெஷின் உறுமுவது காலுக்குக் கீழே தெரியும். சில நிமிடங்களில் 35 மெகாவாட் சமவெளிக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் கை கொடுக்க முடிந்ததற்குக் காரணம், மெஷினும் தண்ணீரும் லைனும் அதற்குப் பல வருடம் முன்பே தயாராக இருந்ததுதான். போன் வந்த பிறகு பென்ஸ்டாக் போட முடியாது.

ரயிலின் லோடும் உச்சத்தில்தான் இருக்கிறது. ஓட்டத்தில் இருக்கும் வண்டி எடுப்பது கொஞ்சம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி வேகம் பிடிக்கும்போது எடுப்பது அதைவிடப் பல மடங்கு. மெமு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று கிளம்புகிற வண்டி. லூப்பில் இரண்டு வண்டிகள் சந்தித்து, அடுத்தடுத்து சிக்னல் கிடைத்து இரண்டும் கிளம்பினால், கம்பியில் ஒரே நேரத்தில் இரட்டை உச்சம் ஏறும். லூப் கூடினால் ரயில் கூடும், ரயில் கூடினால் இந்த மாதிரிக் கிளம்பல்களும் கூடும். ஆகவே லூப் ஒரு கோப்பு, மின்சாரம் வேறொரு கோப்பு என்று தனித்தனி அறையில் வைத்துத் திட்டம் போட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாது.

மேட்டுப்பாளையத்துக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அது கடைசி முனை. அதற்கு மேல் கல்லாறு நோக்கிப் போவது மீட்டர் கேஜ் மலைப் பாதை, அங்கே 25 கிலோவோல்ட் கம்பி கிடையாது. முக்கியப் பாதையில் ஒரு துணை மின் நிலையம் படுத்துவிட்டால், பக்கத்து நிலையம் தன் சப்ளையை நீட்டிச் சமாளிக்கும். கிளைப் பாதையின் நுனிக்கு மறுபக்கத்தில் அப்படிப் பக்கத்து நிலையம் என்று ஒன்று இல்லை. தெருக்குழாயில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாக வருகிற மாதிரி, தூரமும் லோடும் கூடக் கூட நுனியில் வோல்டேஜ் இறங்கும். பெயருக்கு 25 கிலோவோல்ட் என்றாலும் துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் 27.5 வரை இருக்கலாம். கடைசியில் 19-க்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவுக்கு இறங்குவதற்கு முன்பே இப்போதைய எஞ்சின்கள் தாமாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். டிரைவர் என்ன செய்தாலும் வண்டி மந்தமாகத்தான் வேகம் பிடிக்கும். பெட்டிக்குள் இருக்கிற பயணிக்குக் காரணம் தெரியாது, வண்டி லேட் என்பது மட்டும் தெரியும்.

மின்வாரியத்தின் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ரயில், மூன்று பேஸில் இரண்டை மட்டும் பிடித்து லோடு எடுப்பதால் கிரிட்டில் சமநிலை கெடும். அடுத்தடுத்த துணை மின் நிலையங்களுக்கு வேறு வேறு ஜோடிப் பேஸ்களைக் கொடுத்து அதைச் சரிக்கட்டுவார்கள். இரண்டு ஜோடிகள் சந்திக்கிற இடத்தில் கரண்ட் இல்லாத சிறு துண்டு ஒன்று விட வேண்டும், அதற்கு நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். டிரைவர் எஞ்சினின் பிரேக்கரைத் திறந்து கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, இருக்கிற வேகத்திலேயே அதைத் தாண்டி, மறுபடி மூடுவார். இதைச் சிக்னலுக்குப் பக்கத்திலோ ஏற்றத்திலோ வைத்துவிட்டால், வண்டி அதன் நடுவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். லூப்பும் சிக்னலும் எங்கே என்று குறிக்கிற அன்றைக்கே இதையும் குறிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் வேலை அளப்பது. காலை உச்சத்திலும், இரவு 9 மணியை ஒட்டி நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரத்திலும் மேட்டுப்பாளையம் முனையில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்று சில வாரங்கள் தொடர்ந்து பதிவு செய்யட்டும். அதன்மேல், அரை மணிக்கு ஒரு மெமு, கூடுதலாகச் சில விரைவு ரயில்கள் என்று வைத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கட்டும். இப்போதுள்ள டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் போதும் என்று வந்தால் நல்லது, செலவு மிச்சம். போதாது என்று வந்தால் வழிகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் திறனைக் கூட்டலாம். காரமடைப் பக்கம் ஒரு துணை மின் நிலையம் வைக்கலாம். அல்லது நாட்டின் நெரிசலான பாதைகளில் ரயில்வே இப்போது கொண்டுவருகிற 2×25 கிலோவோல்ட் முறையை யோசிக்கலாம். அதில் மேல்கம்பியோடு கூட எதிர்ப் பேஸில் ஒரு ஃபீடர் கம்பியும் ஓடும். மின்சாரம் 50 கிலோவோல்ட்டில் பயணம் செய்து, வழியில் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள் மூலம் வண்டிக்கு 25-ஆகக் கிடைக்கும். வோல்டேஜ் இறக்கம் நன்றாகக் குறையும். 36 கிலோமீட்டர் கிளைப் பாதைக்கு மட்டும் அது வேண்டுமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஈரோடு, கோவை, பாலக்காடு முக்கியப் பாதைக்கு அதைத் திட்டமிடும்போது மேட்டுப்பாளையம் கிளையையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒட்டுப் போடுவது இரட்டைச் செலவு.

துணை மின் நிலையம் என்று முடிவானால் அதற்கு 110 கிலோவோல்ட் லைன் இழுக்க வேண்டும். டவர் லைன் வேலையில் மிக மெதுவானது கம்பி இழுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தோப்புக்காரர்களின் சம்மதம்தான் அதைவிட மெதுவானது. காரமடை சுற்றுவட்டாரத்தில் வாழையும் பாக்கும் தென்னையும் நிற்கிற நிலம். டவர் கால் எங்கே விழும், எத்தனை மரம் போகும், இழப்பீடு எவ்வளவு என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால் வேலை நடக்கும். போலீஸ் பாதுகாப்போடு வந்து குழி தோண்டினால் வழக்காகிப் பல வருடம் படுத்துவிடும். இதைப் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே ரயில் அறிவிப்பு வருகிற அன்றைக்கு இந்தப் பேச்சு தொடங்கினால் தாமதம். இன்றைக்கே தொடங்க வேண்டும்.

காசு விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். உயர் அழுத்த மின் இணைப்பில், ஓடின யூனிட்டுக்குக் கட்டணம் தனி, அந்த மாதத்தில் தொட்ட உச்சத்துக்கு டிமாண்ட் சார்ஜ் தனி. வண்டிகள் கிளம்புகிற நேரங்களைச் சற்றுப் பரப்பி வைத்தால் உச்சம் குறையும். மூன்று பேஸ் மோட்டார் உள்ள புது மெமுக்களும் எஞ்சின்களும் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பிக் கம்பிக்கே தரும். ஒரு வண்டி நிற்கிற நேரமும் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிற நேரமும் பொருந்தி வந்தால் அந்த மின்சாரம் அங்கேயே பயன்படும். கால அட்டவணை போடுகிறவரும் மின் பிரிவு இன்ஜினியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இதற்குப் பெரிய செலவில்லை.

மின்சாரத்தை மாற்றினால்தான் ரயில் பெருகும் என்பதற்கு மும்பை நல்ல சாட்சி. 1925-இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது அங்கேதான், 1,500 வோல்ட் டி.சி.யில். நான் மேலே சொன்ன எஞ்சின் அளவு லோடை 1,500 வோல்ட்டில் எடுக்க 3,000 ஆம்பியருக்கு மேல் வேண்டும், 25,000 வோல்ட்டில் 200 ஆம்பியர் போதும். அதனால் டி.சி. பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின் நிலையம் வைத்தும் போதாமல் இருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தினமும் லட்சக்கணக்கான ஜனங்களைச் சுமந்துகொண்டே, பகுதி பகுதியாக 25 கிலோவோல்ட்டுக்கு மாற்றினார்கள். மேற்கு ரயில்வேயில் 2012-இல் முடிந்தது, மத்திய ரயில்வேயில் 2016-இல். சென்னையில் 1931-இல் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் அதே 1,500 வோல்ட்தான். 1960-களிலேயே 25 கிலோவோல்ட்டுக்கு மாறிவிட்டது. அன்றைக்கு அந்த முடிவை எடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அதே சென்னையில் கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை, சுமார் 4 கிலோமீட்டர்தான். அந்த வேலைக்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்னார்கள். மறுபடி கடற்கரை வரை ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். ஓடுகிற பாதையில் வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும், குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேட்டுப்பாளையம் பாதையில் வேலை தொடங்கினால் பகலில் எந்த வண்டி நிற்கும், எத்தனை வாரம் நிற்கும், அதற்குப் பதில் பஸ் உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள் இந்த வண்டியில் இருக்கிறார்கள்.

சீசன் கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வாகனங்களுக்கு உச்சவரம்பும் வந்தது. மலைக்கு அது அவசியம், நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் வண்டியை வீட்டில் விட்டு வா என்று சொன்னால், வேறு எதில் வர வேண்டும் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, ஸ்டேஷன் வாசலிலேயே அரசு பஸ் ஏறுகிற மாதிரி இருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்களும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மலை ரயில் அந்தக் கூட்டத்தைச் சுமக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல்சக்கரத்தில் தொற்றி ஏறுகிற பாதை, சில பெட்டிகளுக்கு மேல் கோக்க முடியாது, பெருமழைக்கு மண் சரிந்தால் பல நாட்கள் ஓடாது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் அது. அதற்கு மேல்கம்பி போடலாம், வேகம் கூட்டலாம் என்று அவ்வப்போது சிலர் பேசுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அதன் நீராவி எஞ்சின், மரப்பெட்டி, வேகம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழே உள்ள அகலப் பாதை நன்றாக ஓடினால், காலை 7.10 மலை ரயிலைப் பிடிக்க வருகிறவர்களும் பதற்றமில்லாமல் வருவார்கள்.

மேட்டுப்பாளையம் யார்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் முதல் வண்டி சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் அது இரவே அங்கே நிற்க வேண்டும். நிறுத்த லைன், கழுவத் தண்ணீர், டிரைவரும் கார்டும் படுக்க நல்ல ஓய்வறை, பெண் ஊழியர்களுக்குத் தனி அறை, இவை இல்லாமல் அதிகாலை வண்டி நடக்காது. நடைமேடைகள் முழு நீள ரயிலுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், மூத்தவர்கள் ஏற லிஃப்ட் வேண்டும்.

எங்கள் மலைக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1932-இல் பைக்காராவில் மெஷின் ஓடத் தொடங்கி, அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கிய பிறகுதான் அங்கே மில்கள் பெருகின. முதலில் லைன் போனது, பிறகு தொழில் வந்தது. அப்புறம் கனடா நாட்டு உதவியோடு குந்தா வந்தது. இப்போது காட்டுக்குப்பையில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் போர்த்திமந்து அணைக்குத் தண்ணீரை ஏற்றி, மாலை உச்சத்தில் அவலாஞ்சி–எமரால்டு அணைக்கு இறக்குவார்கள். மாலை உச்சம் என்பது மெமுவில் ஜனம் வீடு திரும்புகிற அதே நேரம்தான். அந்தக் கூட்டத்தில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம், தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம், கோவை, நீலகிரி மாவட்ட நிர்வாகங்கள் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரே கூட்டம் போடட்டும். முதல் கட்டம் லூப்பும் வோல்டேஜ் அளவீடும், இரண்டாம் கட்டம் மின் திறன் உயர்வும் யார்டும், மூன்றாம் கட்டம் இரட்டைப் பாதை என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே வருடத்தை எழுதி, தமிழில் அச்சடித்து ஆறு ஸ்டேஷன்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டட்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த முறை டெல்லியில் பேசும்போது, புது ரயிலோடு இந்தப் பட்டியலையும் கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குப் பயணிகளையும் அழைக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் நடத்துங்கள், காலை 11 மணிக்கு மேல் வையுங்கள். அப்போதுதான் மஞ்சூர், கிண்ணக்கொரை, கோத்தகிரிப் பக்கத்து ஜனங்களும் காலை பஸ் பிடித்து வந்து சேர முடியும். ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்கள் சிலர் நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம். அளவீட்டு வேலைக்கு உதவி தேவைப்பட்டால் அதையும் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்,
மஞ்சூர், நீலகிரி மாவட்டம்.